மணிப் பாட்டு தேய்கிற இடம்

கோழி கிளறின குப்பை போல என் எழுத்து இருக்கும் என்று ஐந்தாம் வகுப்பு வாத்தியார் சொல்வார். அந்த வகுப்போடு படிப்பு நின்றுவிட்டதால் எழுத்தும் அங்கேயே நின்றுவிட்டது. எந்த ‘ர’ எங்கே வரும் என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். பிழை இருந்தால் பல்லில் கல் கடிபட்டது போலத் துப்பிவிட்டு மேலே படியுங்கள்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பாயில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிவிட்டீர்கள். போன ஆவணியில் ஒரு கல்யாணத்தில் எல்லோரும் கூடியபோது, “ஏலே, உங்கப்பா போடுவாரே ஒரு மணிப் பாட்டு, அந்த ரெக்கார்டுத் தட்டு என்னலே ஆச்சு?” என்று கேட்டீர்கள். நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. சிரித்துக்கொண்டே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டேன். அன்றைக்குச் சொல்லாத பதில் இது.

அப்பா மைக்செட் போடுகிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். செட்டு அவருடையது இல்லை. அய்யம்பாளையத்தில் ஒரு முதலாளி இருந்தார், பெரும்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் எந்த விசேஷம் என்றாலும் அப்பாதான் செட்டை மேலே கொண்டுவருவார். இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், தட்டு சுற்றும் பெட்டி, ஒரு கார் பேட்டரி. கூடவே கம்பி உடைந்து நூலால் கட்டிய ஒரு கறுப்புக் குடை. அந்தக் குடை மனிதருக்கு இல்லை. மழை வந்தால் ஆம்ப்ளிஃபயருக்குப் பிடிக்க வேண்டும். முதலாளியின் முதல் கட்டளை அது. அப்பா நனைந்து நடுங்கிக்கொண்டு குடையை ஆம்ப்ளிஃபயருக்குப் பிடித்திருப்பதைப் பார்த்து, “கட்டின பொண்டாட்டிக்கு இப்படிப் பிடிச்சிருந்தா அவ ஏன் போறா?” என்று ஆட்கள் கேலி பேசுவார்கள்.

மணிப் பாட்டு கொடைக்கானலில் இருந்து வந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு விழாவுக்குச் செட்டுப் போடப் போன அப்பாவுக்கு, அங்கே ஆஸ்டலில் சமைக்கிறவர் பழக்கமானார். ஊருக்குப் போன ஒரு பெண் பிள்ளை வேண்டாம் என்று விட்டுப்போன தட்டு என்று சொல்லி அவர் இதைக் கொடுத்திருக்கிறார். பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கும் சின்னத் தட்டு. தட்டை விட அதன் அட்டைதான் எங்கள் லயத்தைக் கலக்கியது. அதில் மழைக்குள் இரண்டு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு தலையை மட்டும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் உதட்டிலும் சாயம், இரண்டு பேர் கண்ணிலும் மை. ஒருவர் கையில் மடக்கின குடை.

“இதுல மாப்பிள்ள யாரு?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள்.

“குடை வச்சிருக்கிறது மாப்பிள்ள” என்றார் அப்பா.

“மீசையக் காணோம்.”

“குளிருக்கு உதுந்திருக்கும்.”

அம்மா அன்றைக்கு எங்களோடு இருந்தாள். அவளும் சிரித்தாள். வெற்றிலைச் சுண்ணாம்பு விரலை அட்டையில் பட்டுவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் குனிந்து பார்த்தது எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது.

பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முதலில் ஒரு மணி. கோயில் மணியும் இல்லை, சர்ச் மணியும் இல்லை. தண்ணீருக்குள் முக்கி அடித்தது போல ஒரு மணி. அதற்கு அடியில் காப்பிப் பழம் உரிக்கிற மெஷின் ஓடுவது போல டொக் டொக் டொக். தவில் கிடையாது, நாயனம் கிடையாது, பிடில் கிடையாது. மனிதக் கை படாமல் கரண்டில் இருந்தே சத்தம் வருகிறது என்று அப்பா விளக்கினார். அதன் மேல் ஒரு ஆண் கேட்க ஒரு பெண் பதில் சொல்வாள். ஒரு வார்த்தை எங்களுக்குப் புரியாது. ஆனால் அத்தனை சந்தோஷமான சத்தத்தை அதற்கு முன் அந்த மலை கேட்டதில்லை.

கல்யாணத்தில் பெண்ணைப் பந்தலுக்கு அழைத்து வரும்போது போடுகிற நாயனத் தட்டு கீறல் விழுந்து ஒரே இடத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் அவசரத்துக்கு அப்பா அந்த இடத்தில் மணிப் பாட்டைப் போட்டார். மணி மங்கலம்தானே? ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுகிறார்கள், கல்யாணப் பாட்டாகத்தானே இருக்கும்? அதன் பிறகு எல்லோருக்கும் அதுதான் வேண்டும். வெற்றிலை பாக்கு வைத்துச் செட்டுக்குச் சொல்ல வருகிறவர்கள், “மணிப் பாட்டு உண்டுல்ல?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். உங்கள் அக்காமார், சித்திமார் அந்தப் பாட்டுக்குத்தான் தலை குனிந்து நடந்து வந்தார்கள்.

அந்தப் பாட்டில் அப்பாவுக்கு ஒரே ஒரு குறை. நம் பாட்டெல்லாம் முடியும் இடத்தில் டக்கென்று முடியும். இது முடியாது. பாடிக்கொண்டே போய் மெல்ல மெல்லத் தேய்ந்து காணாமல் போகும். முதல் தடவை பேட்டரி இறங்குகிறது என்று நினைத்து அப்பா பதறிப்போய்ச் சத்தத்தைக் கூட்டினார். பாட்டு தேயத் தேய இவர் திருகத் திருக, கடைசியில் ஊசி வெறும் தட்டில் உரசுகிற சத்தம் மழை போல மலை முழுக்கக் கேட்டது. பேட்டரியில் குறை இல்லை, பாட்டே அப்படித்தான் என்று தெரிந்த பிறகும் அவர் திருகுவதை விடவில்லை. “அவுக பாடிக்கிட்டுத்தான்லே இருக்காக. தூரமாப் போறாக, அவ்வளவுதான். நாமதான் காதைக் கிட்டக் கொண்டுபோகணும்” என்பார்.

அம்மா போனது அதற்குப் பிறகு.

அவர்கள் இரண்டு பேரும் கடலுக்கு அக்கரையில், தேயிலைத் தோட்டத்தில், ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவர்கள். கப்பலேறி இங்கே வந்த பிறகும் சண்டைக்குக் குறைவில்லை. காலையில் அம்மா சட்டியைப் போட்டு உடைப்பாள். சாயங்காலம் இரண்டு பேரும் ஒன்றாகச் சந்தைக்குப் போய்ப் புதுச்சட்டி வாங்கித் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். அந்தச் சண்டை எதுவும் அவளை வீட்டை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியது ஒரு சாவு. அம்மாவின் அப்பா இறந்தபோது, மருமகனாக நின்று கோடித்துணி போட வேண்டிய என் அப்பா வரவில்லை. கீழே ஒரு ஊரில் அம்மன் கோயில் திருவிழாவுக்குச் செட்டுப் போட்டிருந்தார். சாமிக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊருக்குள் சாவுச் சேதியை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சேதி கொண்டுபோன ஆளை எல்லையிலேயே நிறுத்தி மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தீட்டு வந்தால் செட்டுக்காரர் கோயில் பக்கம் நிற்கக் கூடாது, அப்புறம் திருவிழா ஊமையாகிவிடும் என்ற பயம் அவர்களுக்கு. அப்பாவுக்குக் காப்பு அவிழ்த்த பிறகுதான் தெரியும். ஓடி வந்தார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“காப்பாம் காப்பு. பாட்டுப் போடுற கிறுக்குல கெடந்துட்டான்” என்றார் அம்மாவின் அண்ணன். ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் கங்காணியாக இருந்த என் மாமா. சொன்ன கையோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பள்ளிக்கூடம் இந்தப் பக்கம் என்பதால் நான் அப்பாவோடு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஓடையைத் தாண்டி அம்மாவிடம் போவேன்.

அந்த மாதங்களில் அப்பா செட்டுக் கட்டுவதைக் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. கல்யாண வீடு எந்தப் பக்கம் இருந்தாலும் ஒரு குழாய் மட்டும் ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்துத்தான் இருக்கும். “பந்தலுக்கு ஒரு குழாய்தானா?” என்று வீட்டுக்காரர்கள் முணுமுணுப்பார்கள். “காத்துக்கு அப்படித் திருப்பினாத்தாங்க எடுக்கும்” என்று சொல்லிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா எனக்குத் தலை சீவிக்கொண்டே கேட்பாள்: “நேத்து யார் வீட்டு விசேஷம்? பாட்டு ரெண்டு தரம் கேட்டுச்சே.”

“ஆளுக கேட்டாகன்னு போட்டாரு.”

“எந்த ஆளுக?”

அவள் சீப்பை மண்டையில் கொஞ்சம் அழுத்தி இழுப்பாள்.

இப்படி இருக்கும்போது மாமா மகளுக்குக் கல்யாணம் வந்தது. ஐப்பசியில் முகூர்த்தம். கல்யாணம் முடிந்ததும் பெரியவர்களைக் கூப்பிட்டு அம்மாவையும் அப்பாவையும் பிரித்துத் தீர்த்துவிடுவது என்று மாமா முடிவு செய்திருந்தார். பாக்கு வைத்து, இனி நீ யாரோ நான் யாரோ என்று சொல்ல வைத்து முடித்துவிடுவார்கள். “நல்ல காரியம் மொதல்ல முடியட்டும்” என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. எல்லோரும் அந்தக் கல்யாணத்துக்கு நாள் எண்ணினார்கள். நான் மட்டும் அது வரக் கூடாது என்று ஓடைப் பிள்ளையாருக்குத் தினமும் ஒரு காட்டுப்பூ வைத்தேன். எனக்கு அம்மா வீட்டுக்கு வர வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

அந்தப் பக்கத்துக்கு இருந்தது ஒரே செட்டு. மாமா அய்யம்பாளையத்து முதலாளியிடம்தான் சொன்னார், முதலாளி அப்பாவை அனுப்பினார். பெண்ணுக்கு மாமா முறையில் பந்தலில் பாய் போட்டு உட்கார வேண்டியவர், மைக்செட்காரராகப் பின் பக்கமாக வந்து சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் குழாய் கட்டினார். யாரும் ‘வாங்க’ என்று கேட்கவில்லை. நான்தான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோனேன்.

“உங்கம்மா குடுத்துவிட்டாளா?”

“இல்லப்பா. நானா மோந்தேன்.”

“சரி” என்று வாங்கிக் குடித்தார்.

பெண்ணழைக்கும் நேரம் வந்தது. மாமா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய அத்தை, அதாவது என் அம்மா, வாசலைத் தாண்டினாள். அப்பா ஊசியை வைத்தார். மணி அடித்தது. கூட்டம் ‘ஆ’ என்றது. பாட்டில் ஆண் கேட்டு முடித்து, பெண் பதில் சொல்லத் தொடங்கினாள். அப்போது மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தில் இருந்து ஒருவர் கையை ஆட்டிக்கொண்டே எழுந்து வந்தார்.

“நிறுத்துங்க, நிறுத்துங்க.”

அப்பா ஊசியைத் தூக்கினார். வந்தவர் யார் என்று அப்போதுதான் பார்த்தார். தட்டைக் கொடுத்த ஆஸ்டல் சமையல்காரர். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறையாம்.

“இது எங்க ஆஸ்டல் பிள்ள போட்டுப் போட்டு அழுத பாட்டுல்ல?” என்றார் அவர்.

“நீங்க குடுத்த தட்டுதானங்க” என்றார் அப்பா.

“குடுத்தேன். வீட்டுல வச்சுக் கேப்பீகன்னு குடுத்தேன். பந்தல்ல போடுவீகன்னு கண்டேனா?”

“அப்படி என்னங்க பாட்டு அது?” என்று மாமா குறுக்கே வந்தார்.

“சண்டைங்க. ஆசைப்பட்டுச் சேந்த ரெண்டு பேரு அடிச்சுக்கிட்டுப் பிரியுற சண்டை. அவ சொல்றா, உன் துணிமணியெல்லாம் மாடியிலிருந்து ரோட்டுல எறிஞ்சுட்டேன், போடான்னு. அவன் சொல்றான், எறிஞ்சா எறி, மழை பெய்யுது, இருந்த ஒரு குடையும் என் கையில இருக்கு, நீ எப்படி வெளிய போவேன்னு. நனைஞ்சு சாவேனே ஒழிய உங்கிட்டக் குடை கேக்க மாட்டேங்கிறா. அந்தப் பிள்ள எனக்கு வரி வரியா அர்த்தம் சொல்லியிருக்குங்க.”

பெண் வாசலுக்கும் பந்தலுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். முன்னே போவதா பின்னே போவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“வேணும்னே செஞ்சிருக்கான்” என்றார் மாமா. “மைக்செட்டுக்காரனாத்தானே கூப்பிட்டேன்? எம் பிள்ள வாழ்க்கைக்கு வேட்டு வைக்க வந்திருக்கான்.”

“எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க மச்சான்.”

“மச்சான்ங்காத.”

அப்பா ஊசியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அதை எங்கே வைப்பது என்று மறந்துவிட்டவர் போல.

அப்போது அம்மா பேசினாள். அப்பாவைப் பார்த்து இல்லை. அவர்கள் நேருக்கு நேர் பேசி மாதக்கணக்காகியிருந்தது.

“ஏலே” என்று என்னைக் கூப்பிட்டாள். “உங்கப்பாகிட்டக் கேளு. இந்தப் பாட்டைப் போட்டு இந்த மலையில எத்தனையோ கல்யாணம் ஆச்சே, அதுல யாராச்சும் அத்துக்கிட்டுப் போனாகளா?”

நான் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. எல்லோருக்கும் கேட்டிருந்தது. ஆனாலும் அப்பா என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

“ஒருத்தரும் இல்லன்னு சொல்லு. அத்துக்கிட்டு நிக்கிறது நாங்க ரெண்டு பேருதான். எங்களுக்கு இந்தப் பாட்டு போடல. நல்ல நாயனம் வச்சுத்தான் கட்டுனாக.”

முதலில் ஒரு கிழவர் சிரித்தார். அப்புறம் பந்தலே சிரித்தது. தலை குனிந்திருந்த பெண்ணின் தோள் குலுங்கியது. சமையல்காரரும் சிரித்துவிட்டார். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

அம்மா சமையல்காரரிடம் திரும்பினாள். “ஏங்க, கடைசியில குடையக் குடுத்தானா இல்லையா?”

“அது தெரியாதுங்கம்மா. அதுக்குள்ள பாட்டு தேஞ்சு போயிரும். எங்க ஆஸ்டல் பிள்ளயும் அதைக் கேட்டுத்தான் அழும்.”

அம்மா மாமா பக்கம் திரும்பினாள். “அண்ணே, கெட்ட சகுனம் பாட்டுல இல்ல. பொண்ண நடுவாசல்ல நிறுத்துறதுதான் கெட்டது” என்று சொல்லிவிட்டு என்னிடம், “விட்ட எடத்துல இருந்து போடச் சொல்லு. முழுசாப் போடச் சொல்லு” என்றாள்.

அப்பா ஊசியை வைத்தார். பெண் நடந்து வந்து மணையில் உட்கார்ந்தாள். பாட்டு தேயத் தொடங்கியது. வழக்கம் போல அப்பாவின் கை திருகியது. கடைசியில் அந்த வெறும் உரசல் மட்டும் ஓடைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கேட்டது. அது ஓயும் வரை அம்மா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

சாப்பாடு முடிந்து சாயங்காலம் மழை பிடித்தது. ஐப்பசி மழை உங்களுக்குத் தெரியும், கேட்டுக்கொண்டு வராது. அப்பா மரத்தில் இருந்து குழாய்களை இறக்கி, ஆம்ப்ளிஃபயர் மேல் குடையை விரித்து வைத்துவிட்டுக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் இருந்து அம்மா வந்தாள். கையில் தகரப்பெட்டி.

“எங்க கெளம்பிட்ட?” என்றார் மாமா. “நாளைக்குப் பெரியவுக வர்றாக.”

“வந்தா காப்பி குடுத்து அனுப்புங்கண்ணே. பிள்ளைக்கு வெள்ளனே பள்ளிக்கூடம்.”

அம்மா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கி நடந்தாள். யாரையும் எதையும் கேட்கவில்லை. பத்தடிக்குள் சேலை உடம்போடு ஒட்டிவிட்டது.

“ஏலே” என்றார் அப்பா. “இந்தக் குடைய உங்கம்மாகிட்டக் குடு.”

நான் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் வாங்கவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

“செட்டு நனையுமேன்னு கேளு.”

நான் ஓடி வந்தேன். அப்பா சட்டையைக் கழற்றி ஆம்ப்ளிஃபயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். “நனைஞ்சா காயும்னு சொல்லு” என்றார்.

ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா குடையை வாங்கினாள். மழைத் தண்ணீர் அவள் முகத்தில் ஓடிக்கொண்டிருந்ததால் வேறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் நடையைக் குறைத்தாள். “உங்கப்பாவ அந்தக் குழாயத் தலையில கவுத்துக்கச் சொல்லு. அதுவும் குடை மாதிரித்தான் இருக்கு” என்றாள். அப்பா கவிழ்த்துக்கொண்டார். ஓடைப்பாலம் வரைக்கும் அந்தக் குழாய்க்குள் மழை விழுகிற சத்தம் டொக் டொக் என்று கேட்டுக்கொண்டே எங்கள் பின்னால் வந்தது.

ஆம்ப்ளிஃபயர் நனைந்தது. முதலாளி கத்தினார். அதை அடுப்போரம் வைத்துக் காயவைத்தோம். தட்டும் நனைந்திருந்தது. மறுநாள் வெயில் வந்ததும் அம்மா அதைத் துடைத்து, மிளகு காயப்போட்டிருந்த பாயில் மிளகோடு வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். நனைந்த எதுவும் வெயிலில் வைத்தால் சரியாகும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சாயங்காலம் வந்து பார்த்தபோது தட்டு பொரித்த அப்பளம் போல வளைந்து கிடந்தது. உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான். மணிப் பாட்டு மிளகுப்பாயில் முடிந்தது. திரும்பி வந்த பிறகு அவர்களுடைய முதல் சண்டையும் அதற்குத்தான். நேருக்கு நேராகப் போட்டார்கள். நான் அடுப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதைவிட நல்ல சத்தம் நான் கேட்டதில்லை. அட்டை சில நாள் சுவரில் இருந்தது. கரையான் அரித்துவிட்டது.

அப்புறமும் அம்மா இரண்டொரு தடவை கோபித்துக்கொண்டு போனாள், வந்தாள். அப்பா போய் இப்போது சில வருஷம் ஆகிறது. அவருடைய பதினாறாம் நாள் அம்மா என்னிடம் சொன்னாள்: “காப்புக் கட்டுன கதைய நான் அன்னைக்கே நம்புனேன்லே. அண்ணன் முன்னாடி நம்புனதாக் காட்டிக்க முடியல.” ஓடைப் பிள்ளையாருக்கு நான் வைத்த பூவெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது.

இந்த மாதம் ஆரஞ்சு லோடு ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போயிருந்தேன். ஏரி ரோட்டில் ஒரு டூரிஸ்ட் கார் நின்றிருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே இருந்து, தண்ணீருக்குள் அடிக்கிற மணி. அப்படியே நின்றுவிட்டேன். காருக்குள் இருந்த பையனுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். திரும்ப ஒரு தடவை போடச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஆசை. கேட்கத்தான் எனக்கு வராதே. ஆரஞ்சுக்கூடையைச் சரி செய்வது போல நின்று கேட்டேன். பாட்டில் அவன் கேட்டான், அவள் பதில் சொன்னாள், பாட்டு தேயத் தொடங்கியது. என் வலது கை என்னைக் கேட்காமல் வெறும் காற்றில் திருகிக்கொண்டிருந்தது. அந்தப் பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“கடைசி வரைக்கும் கேட்டியா?”

“கேட்டேம்மா.”

“குடையக் குடுத்தானா?”

“தெரியலம்மா. தேஞ்சு போச்சு.”

கையில் இருந்த காய்க்கு நார் எடுத்து முடித்துக் கூடையில் போட்டாள். வெளியே மழை தொடங்கியிருந்தது.

“உங்கப்பா இருந்தா சத்தத்தக் கூட்டியிருப்பாரு” என்றாள்.

பெரும்பாறை,
தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு,
ஐப்பசி 9, சனிக்கிழமை, 2008.